கட்டுச்சோறு இல்லாத விதை

நெல்லுக்குள் அரிசி, தேங்காய்க்குள் பருப்பு. பெரும்பாலான விதைகள் கட்டுச்சோற்றோடுதான் தாயைவிட்டுக் கிளம்புகின்றன. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் பூக்கும் லேடீஸ் ஸ்லிப்பர் என்ற காட்டு ஆர்க்கிட்டின் விதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள்; ஒவ்வொன்றும் தூசியளவு. உள்ளே நுண்ணிய கரு மட்டுமே, சேமித்த உணவு கிடையாது. விழுந்த மண்ணில் ஏற்ற பூஞ்சை இருந்து, அது ஊட்டினால்தான் முளை.

இப்படிப் பிறர் சோற்றில் வளரும் செடி, தன் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு எதுவும் தருவதில்லை. மஞ்சளாக உப்பிய அதன் இதழ், செருப்பின் முன்பகுதியைப் போன்றது. மணத்துக்கு மயங்கி உள்ளே விழும் சிறு காட்டுத் தேனீயால் வந்த வழியே ஏற முடியாது. விளிம்பு உள்நோக்கி மடிந்து வழுக்கும். பின்பக்கம் இரண்டு சிறு வாசல்கள் உண்டு. அங்கே போகும் வழியில் முதுகு முதலில் சூலகமுடியில் உரசும். நெருக்கிப் பிடித்து வெளியேறும்போது மகரந்தம் அப்பிக்கொள்ளும். தேன் ஒரு சொட்டும் கிடைக்காது.

இந்த அழகுக்கு ஆசைப்பட்டவர்கள் தோட்டத்துக்கும் உலர்செடித் தொகுப்புக்கும் என்று கிழங்கோடு தோண்டிப் போனார்கள். 1917இல் பிரிட்டனில் அற்றே போய்விட்டது என்றார்கள். 1930இல் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. இடத்தை வெளியே சொல்லாமல் பல்லாண்டு காவல் காத்தார்கள்.

காவல் செடியைக் காத்ததே தவிர, பெருக்கவில்லை. 1983இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் அந்த வேலையைக் கையில் எடுத்தது. தேனீயின் வேலையை மனிதக் கை செய்தது. முற்றிய விதை எளிதில் முளைக்காது என்பதால், காய் பச்சையாக இருக்கும்போதே விதையை எடுத்தார்கள். கண்ணாடிக் குடுவையில், கிருமி நீக்கிய ஊட்டக்கூழ் மேல் அதைத் தூவினார்கள். பூஞ்சை போட வேண்டிய சோற்றைக் கூழ் போட்டது.

வளர்ந்த நாற்றுகளில் முதல் சில 1989இல் காட்டுச் சரிவுக்குத் திரும்பின. நத்தைகளின் வாய்க்குத் தப்பியவை குளிர்காலம்தோறும் மண்ணுக்குள் ஒடுங்கின, வசந்தம்தோறும் இலை மட்டும் விட்டன. 2000இல் அவற்றில் ஒன்று மஞ்சள் செருப்பைத் திறந்தது; காட்டில் நட்டுப் பதினோரு ஆண்டுகள் கழித்து. இனி அது தேனீயை ஏமாற்றியே பிழைத்துக்கொள்ளலாம்.