திணிவுக் காப்பு விதியும் மரி ஆன் லவோசியேயும்

சடப்பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற வரியை மனனம் செய்யாமல் எம்மில் எவரும் இரசாயனவியல் வகுப்பைக் கடந்து வந்ததில்லை. அதற்குப் பக்கத்தில் லவோசியே என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயர் இருவருக்கு உரியது என்பதை மட்டும் யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு மலரில் அதை எழுதிவைப்பது தகும்.

மரி ஆன் போல்ஸ் 1758இல் பிரான்சின் மொன்பிரிசோன் என்னும் ஊரிற் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து கன்னியர் மடத்தில் வளர்ந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது, ஐம்பது வயதை எட்டிய பிரபு ஒருவருக்கு அவரை மணமுடித்துக் கொடுக்கும்படி தகப்பனாருக்கு நெருக்குதல் வந்தது. சிறுமி மறுத்துவிட்டார். நெருக்குதலைத் தவிர்க்க, அரசனுக்காக வரி அறவிடும் நிறுவனத்தில் தம்முடன் பங்காளராக இருந்த அந்துவான் லவோசியேக்கு 1771 டிசெம்பரில் மகளைக் கட்டிக்கொடுத்தார் தகப்பன். மாப்பிள்ளைக்கு வயது 28. இன்றைய எமது கண்ணுக்கு இதுவும் ஏற்கத்தக்க கலியாணம் அல்ல. ஆனால் பெரும்பாலான பெண்களுக்குப் படிப்பு முடிந்துபோன இடத்தில் மரி ஆனுக்கு அது தொடங்கியது. ஆங்கிலம் கற்றார், இரசாயனம் கற்றார், புகழ்பெற்ற ஓவியர் ஷாக் லூயி டாவிட்டிடம் வரையக் கற்றார். மூன்றும் பிற்காலத்தில் வேலைக்கு உதவின.

அக்காலத்து இரசாயனத்தில் ‘புளோஜிஸ்டன்’ என்றொரு கற்பனைப் பொருள் ஆட்சி செய்தது. பொருள் எரியும்போது அதிலிருந்து புளோஜிஸ்டன் வெளியேறுகிறது என்றார்கள். விறகு எரிந்து சாம்பலாவதைக் கண்ட எவருக்கும் இது சரியென்றே படும். ஆனால் உலோகத்தைச் சூடேற்றினால் விளையும் தூள், உலோகத்தைவிடப் பாரமாக இருந்தது. ஒன்று வெளியேறிய பிறகு பாரம் கூடுவது எப்படி? பலருக்கு இது தெரிந்தே இருந்தது. ஆயினும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. லவோசியே அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார். தாக்கத்துக்கு முன்னும் பின்னும், திண்மம், திரவம், வாயு என எதையும் விடாமல் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர் முறை. வரிக் கணக்குப் பார்த்த மனிதரல்லவா!

நான்கு அவுன்ஸ் பாதரசத்தை, ஏறத்தாழ 50 கன அங்குல வளியுடன் மூடிய ஓர் ஒழுங்கமைப்பில் 12 நாட்கள் சூடேற்றினார். மேற்பரப்பில் சிவந்த துகள்கள் படிந்தன. வளி ஏழெட்டுக் கன அங்குலம் குறைந்திருந்தது. துகள்களைத் திரட்டி நிறுத்தபோது 45 கிறெயின். (கிறெயின் என்பது பழைய பிரெஞ்சு அலகு, ஏறத்தாழ 53 மில்லிகிராம்.) அத்தூளை இன்னும் கடுமையாகச் சூடேற்றியபோது 41½ கிறெயின் பாதரசமும், குறைந்துபோன அதே ஏழெட்டுக் கன அங்குல வாயுவும் திரும்பக் கிடைத்தன. அந்த வாயுவில் மெழுகுதிரி பளிச்சென எரிந்தது. அதற்கு ஒட்சிசன் என்று பெயரிட்டவர் அவரே. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்கள் ஒருமுறை கணித்துப் பாருங்கள்: இன்றைய அணுத்திணிவுகளின்படி 45 கிறெயின் மேர்க்கூரிக் ஒட்சைட்டிலிருந்து வரவேண்டியது 41.7 கிறெயின். எங்கள் ஆய்வுகூடத் தராசுகளில் நாம் எடுத்த வாசிப்புகளை நினைக்கும்போது இந்த நெருக்கம் வியப்பூட்டுகிறது.

இந்த ஆய்வுகூடத்தின் குறிப்பேடுகளில் பல பக்கங்கள் மரி ஆனின் கையெழுத்தில் உள்ளன. மனித சுவாசத்தைப் பற்றிய பரிசோதனைகளை அவர் வரைந்த இரு படங்களில், ஓரத்து மேசையில் இருந்து குறிப்பெடுக்கும் பெண்ணும் அவரே. கணவருக்கு ஆங்கிலம் தெரியாது. அயர்லாந்து அறிஞர் ரிச்சட் கேர்வன் புளோஜிஸ்டனை ஆதரித்து எழுதிய நூலை மரி ஆன் பிரெஞ்சில் பெயர்த்தார். லவோசியேயும் நண்பர்களும் எழுதிய மறுப்புகளுடன் அது 1788இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் கேர்வனே தம் கொள்கையைக் கைவிட்டார். மொழிபெயர்ப்பு என்ன பெரிய விஞ்ஞானம் என்று கேட்பவர் இருக்கலாம். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன் வழியாகத் தமிழில் வந்த ‘கெமிஸ்தம்’ (1875) போன்ற நூல்களின் பரம்பரையில் படித்த எமக்கு அந்தக் கேள்வி எழாது.

1789இல் வெளிவந்த லவோசியேயின் இரசாயன நூலில், 33 மூலகங்களின் பட்டியலைப் போலவே முக்கியமானவை 13 படத்தகடுகள். உபகரணங்களை அளவு பிசகாமல் வரைந்து செதுக்கியவர் மரி ஆன். அவற்றைப் பார்த்துப் பிற நாட்டார் அதே கருவிகளைச் செய்து, அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய முடிந்தது. தகடுகளில் அவருடைய பெயர் உண்டு, சிறிய எழுத்தில்.

1793இல் லவோசியே இன்னொருவருடன் சேர்ந்து, புதிய திணிவு அலகுக்காகக் காய்ச்சி வடித்த நீரை நிறுத்தார். கிலோகிராம் அந்த வழியில் வந்ததுதான். (1970களில் அது இலங்கைக்கு வந்த பின்னும் பாணை மட்டும் நாம் இறாத்தலில்தான் கேட்கிறோம்.) அதே ஆண்டு நவம்பரில், வரி அறவிட்ட குற்றத்துக்காக அவர் சிறைப்பட்டார். 1794 மே 8ஆம் திகதி மரி ஆனின் கணவரும் தகப்பனும் ஒரே நாளில் கில்லட்டினில் கொல்லப்பட்டனர். பின்னர் அவரும் 65 நாட்கள் சிறையில் இருந்தார். வீட்டுப் பொருட்களோடு குறிப்பேடுகளும் கருவிகளும் பறிமுதலாயின.

விடுதலையானதும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு மீட்டார். கணவர் சிறையில் இருந்தபோது தொகுக்கத் தொடங்கிய ஆய்வுக் கட்டுரைகளை முன்னுரையுடன் அச்சிட்டு, விற்காமல், விஞ்ஞானிகளுக்கு வழங்கினார். 1805இல் ரம்ஃபோர்ட் பிரபுவை மறுமணம் செய்தபோதும் லவோசியே என்ற பெயரை விட மறுத்தார். அந்த மணம் நான்கு ஆண்டுகளே நிலைத்தது. 1836இல் பாரிஸில் தமது 78ஆவது வயதில் காலமானார்.