நினிவேயில் ஓர் அரைமண்டி

1955-இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த ‘கிஸ்மெட்’ படத்தில் ‘நாட் சின்ஸ் நினிவே’ என்றொரு பாட்டு வரும். அதை ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கதை பாக்தாதில் நடக்கிறது. மெட்டு, ரஷ்யரான போரோதினின் ‘இளவரசர் ஈகோர்’ இசைநாடகத்திலிருந்து எடுத்தது. அபாபு நாட்டு இளவரசிகள் மூவரும் ஆட வந்தபின் கண்ணில் படுவதோ முட்டியைப் பக்கவாட்டில் விரித்துத் தாழ்ந்த நிலை, தோள் அசையாமல் இடவலமாக நகரும் கழுத்து, விரல்நுனிவரை முறுக்கேறிய கை. முதலிரண்டும் பரதநாட்டியத்தின் அரைமண்டியும் அட்டமியும். அவை பாக்தாதுக்கு எந்த வழியாகப் போயின என்பதுதான் என் கேள்வி.

படத்துக்கு முன் மேடை. பிராட்வேயில் ‘கிஸ்மெட்’ 1953 டிசம்பர் 3 அன்று ஜீக்ஃபெல்ட் அரங்கில் தொடங்கியது. மறுநாள் விமர்சனத்தைத் தேடிப் போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும். வேலைநிறுத்தத்தால் நியூயார்க்கின் பெரிய நாளிதழ்கள் அந்த வாரம் முடங்கிக் கிடந்தன. மேடை ஆட்டத்தை அசைவு அசைவாகக் குறித்துவைப்பதும் அப்போது அரிது. ஆகவே படச்சுருளே முதல் சாட்சி. மேடைக்கும் படத்துக்கும் நடனம் அமைத்தவர் ஒருவரே: ஜாக் கோல்.

நியூ ஜெர்சியில் 1911-இல் பிறந்த கோல், 1930-இல் ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நடத்திய டெனிஷான் குழுவில் சேர்ந்தார். சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். ஆனால் செயின்ட் டெனிஸ் 1906-இல் ‘ராதா’வை ஆடியபோது இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை, குழுவோடு ஆசியப் பயணம் வந்ததே 1925-26-இல். அவரிடம் இருந்தது பக்தியும் தோற்றமும். பரதத்தின் அடிப்படை அசைவான அடவின் இலக்கணம் அல்ல. அடுத்து உதய சங்கர். 1930-களின் தொடக்கத்திலிருந்தே அவர் குழு நியூயார்க்கில் ஆடியது. அவருடையதும் அவரே உருவாக்கிக்கொண்ட பாணி. தஞ்சாவூர் அடவு அதன் அடிப்படை அல்ல. கோல் இரவு விடுதிகளில் ஸ்விங் இசைக்கு ‘இந்து நடனம்’ ஆடிய காலத்துக்கு இவ்விரு ஊற்றுகளும் பொருந்தலாம். ‘நினிவே’யின் கைக்குப் பொருந்தாது.

பொருந்துகிறவர் லா மேரி. அமெரிக்கரான இவர் 1930-களின் பிற்பாதியில் சென்னைக்கு வந்து, பாபநாசம் வடிவேலு பிள்ளையிடம் பரதம் பயின்றார். சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நியூயார்க் திரும்பி 1940-இல் செயின்ட் டெனிஸோடு சேர்ந்து நாட்டியப் பள்ளி திறந்தார். 1941-இல் முத்திரைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் கோலும் ஒருவர்.

இனிப் படத்தை மறுபடி ஓட்டினால் எது வந்தது, எது மாறியது என்று பிரித்துப் பார்க்கலாம். அரைமண்டியின் தாழ்வு அப்படியே இருக்கிறது. பாதத்தைத் தட்டி எழுப்பும் தாளம் போய்விட்டது, சலங்கை இல்லை. நம் முறையில் இடுப்பு அடங்கியிருக்கும். கோலின் ஆட்டத்தில் துள்ளல் இடுப்பிலும் தோளிலும் வெடிக்கிறது. ஹார்லெம் நடன மண்டபங்களின் லிண்டி ஹாப்பிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது. அந்த ஆட்டத்தை உருவாக்கிய கருப்பின மக்களுக்கு அவர் பட்ட கடன் பரதத்துக்குப் பட்டதைவிடச் சிறியதல்ல. முட்டியால் தரையில் சறுக்கும் இடங்களை மண்டி அடவோடு முடிச்சுப்போட ஆசை வரும். மண்டி அடவில் முட்டி குதித்து ஊன்றும், சறுக்காது. அந்த உறவை நான் ஏற்கவில்லை.

கோல் இந்தக் கலவையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1940-களில் கொலம்பியா படநிறுவனத்தில் நிரந்தர நடனக் குழு வைத்துத் தினமும் பயிற்சி கொடுத்தார். பரதப் பயிற்சியும் அதில் அடக்கம். அவரிடம் உதவியாளராக இருந்த க்வென் வெர்டன் வழியாக அந்தப் பயிற்சி நடன அமைப்பாளர் பாப் ஃபாஸியின் ஆட்டங்கள்வரை போனது. உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அசைக்கும் ஃபாஸி பாணியை இன்று உலகமே அறியும்.

பரம்பரைக் கலைஞரான பாலசரஸ்வதி அமெரிக்க மேடையில் முதன்முதலில் ஆடியது 1962-இல். ‘கிஸ்மெட்’ அரங்கேறி ஒன்பதாண்டு கழித்து. அவரைப் போன்ற பரம்பரைக் கலைஞர் குடும்பங்களின் உழைப்பில் விளைந்த அசைவு, அவர்களுக்கு முன்பே பெயரில்லாமல் அங்கே பிழைத்துக்கொண்டிருந்தது. கோல், வெர்டன், ஃபாஸி என்று நடன வரலாறு எழுதும் வரிசையில் தவறில்லை. அதைப் பின்னோக்கி நீட்டி லா மேரியையும் பாபநாசம் வடிவேலு பிள்ளையையும் சேர்க்க வேண்டும். பிள்ளையின் பெயர் இடம்பெறாத வரிசையை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.