கடைசி ஓவரின் விலை: பதிரனாவை விடுவித்தது குறித்து ஒரு கிள்ளான் பள்ளத்தாக்கு வழக்கு

2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மதீஷா பதிரனாவை விடுவித்தது. டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை 18 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 அக்டோபர் இறுதியில், சென்னை அவரை 13 கோடிக்குத் தக்கவைத்திருந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அந்த 13 கோடி நம் கணக்கில் ஆறரை மில்லியன் வெள்ளிக்கு மேல். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உணவக மேசைகளில் இதைப் பற்றி நான் கேட்ட வாதங்கள் இரண்டே வகை. “பதினெட்டுக்குப் போனவன விட்டுட்டாங்களே” என்பது ஒன்று. “ஓவருக்குப் பத்து ரன் குடுக்கிறவனுக்கு என்னாத்துக்கு லா பதிமூணு கோடி” என்பது மற்றொன்று. விடுவித்த முடிவே பிழை என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்படும் இந்த இரு காரணங்களும் பிழை என்பதே என் வாதம்.

முதலில் கணக்கு. 2022இல் காயமுற்ற ஆடம் மில்னுக்கு மாற்றாக 20 லட்ச ரூபாய்க்கு வந்தவர் பதிரனா. 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட்; ஓவருக்குச் சராசரி எட்டு ரன். 2024இல் ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட். சராசரி எட்டுக்கும் கீழே. 2025இல் 12 ஆட்டங்களில் 13 விக்கெட். சராசரி பத்தைத் தாண்டியது. எட்டிலிருந்து பத்துக்கு ஏறியதை வீழ்ச்சி என்று படிப்பது எளிது. ஆனால் நான்கு ஓவர் வீசுபவருக்கு ஓவருக்கு இரண்டு ரன் கூடினால் ஓர் ஆட்டத்துக்கு எட்டு ரன். அதாவது 24 பந்துகளில் கூடுதலாக இரண்டு பவுண்டரி. ஒரு பருவம் முழுவதும் அவர் வீசியதே முந்நூறு பந்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ஒருவர் தேய்ந்துவிட்டார் என்று தீர்ப்பெழுத முடியாது. இதே எச்சரிக்கை 2024இன் ஆறு ஆட்டங்களுக்கும் பொருந்தும். அந்த ஆறு ஆட்டங்களைப் பார்த்து 13 கோடி நியாயம் என்று மகிழ்ந்தவர்கள், அடுத்த ஆண்டின் பன்னிரண்டைப் பார்த்து அநியாயம் என்றார்கள். இரு முறையும் அளவுகோல் ஒன்றே. இரு முறையும் அது போதாது.

வேறு அளவுகோல் உண்டா? பேஸ்பாலில் இக்கேள்வியை நெடுங்காலமாக அலசியிருக்கிறார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து முன்னிலையைக் காத்துக் கொடுக்கும் மாற்றுப் பந்துவீச்சாளருக்கு என்ன விலை என்பது அமெரிக்க ரசிகர்களின் தீராத சண்டை. சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் முன்மொழிந்த ‘சேவ்’ என்ற கணக்கு 1969இல் அதிகாரபூர்வமாயிற்று. நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 652 சேவ்களுடன் 2013இல் ஓய்வு பெற்றார். பின்னர் வந்த புள்ளியியலாளர்கள் அந்தக் கணக்கிலும் குறை கண்டார்கள். ஒரே ஓட்டத்தைக் காப்பதற்கும் மூன்று ஓட்டங்களைக் காப்பதற்கும் சேவ் ஒரே மதிப்பெண் தந்தது. அதனால் ஒவ்வொரு பந்தும் எவ்வளவு நெருக்கடியான நிலையில் வீசப்பட்டது என்பதை எண்ணாக்கும் முறை வந்தது. எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பதோடு, எந்த நேரத்தில் கொடுத்தார் என்பதும் கணக்கில் சேர்ந்தது.

இந்தப் பார்வையை நம் மேசைக்குக் கொண்டுவருவோம். 2024 ஏப்ரல் 14, ஞாயிறு. இந்தியாவில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பத்து மணிக்கு. முடியும்போது திங்கட்கிழமை பிறந்துவிடும். மும்பை வான்கடேயில் சென்னை 206 ரன் எடுத்தது. ரோஹித் சர்மா ஆட்டமிழக்காமல் 105 அடித்தும் மும்பை 186இல் நின்றது. அன்று தோனி நான்கே பந்தில் 20 ரன் அடித்தார், வெற்றி வித்தியாசமும் 20 ரன். மறுநாள் காலை கோமுட்டர் ரயிலில் என் காதில் விழுந்ததெல்லாம் அந்த மூன்று சிக்ஸர்தான். ஆட்ட நாயகன் விருது 28 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுத்த பதிரனாவுக்கு. இருநூறு ரன் அனாயாசமாகத் துரத்தப்படும் மைதானத்தில், நூறை நோக்கிப் போனவன் களத்தில் நிற்க, அந்த 24 பந்துகள் வீசப்பட்டன. நெருக்கடிக்கு மதிப்பெண் போட்டிருந்தால் அன்றைய முதல் பேச்சு அவரைப் பற்றியதாக இருந்திருக்கும்.

இதற்கு நேரெதிர் சான்று, நியாயமாகச் சொல்ல வேண்டியது, 2023 அகமதாபாத் இறுதியாட்டம். அதில் பதிரனா 44 ரன் கொடுத்தார். ஆனாலும் கோப்பை வந்தது. எதிரணிப் பந்துவீச்சாளர் மோஹித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட, ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். கோப்பை வந்ததால் அந்த 44 ரன்னை யாரும் நினைப்பதில்லை. 2025இல் கோப்பைக்கு அருகில்கூட அணி போகாததால் அவர் கொடுத்த ஒவ்வொரு ரன்னும் நினைவில் நிற்கிறது.

2025தான் என் வாதத்தின் மையம். அந்தப் பருவத்தில் சென்னை 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசியில் முடித்தது. 120 கோடி ஏலத் தொகையில் 13 கோடி என்பது ஏறத்தாழ 11 விழுக்காடு. ஓர் ஆட்டத்தின் 240 பந்துகளில் அவருடையது 24, அதாவது பத்து விழுக்காடு. அந்த 24 பந்துகளும் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நிலையில் வீசப்படுமானால் இந்த விலை அதிகமே இல்லை. அத்தகைய நிலையை உருவாக்கித் தரவேண்டியது மட்டையாளர்களும் மற்றப் பந்துவீச்சாளர்களும். மேலும், ஒருவரே அடுத்தடுத்த ஓவர் வீச முடியாது என்பதால் கடைசி ஐந்து ஓவர்களில் அவருக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் 16, 18, 20 ஆகிய மூன்று. நடுவில் வரும் 17ஆம் 19ஆம் ஓவர்களை நம்பி ஒப்படைக்க ஆள் இல்லையென்றால் இவர் பிடித்து வைத்ததை அங்கே கொட்டிவிடுவார்கள். தோற்ற அணியின் பிழை பந்துவீச்சாளரின் கணக்கில் எழுதப்பட்டது என்பதே என் முடிவு.

“பதினெட்டுக்குப் போனவன்” என்ற வாதமும் இதேபோல் தளர்ந்தது. அந்த ஏலத்துக்கு கொல்கத்தா 64 கோடிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு வந்தது. எல்லா அணிகளிலும் அதுவே பெரிய தொகை. 18 கோடி என்பது அன்று ஒருவருடைய பையின் கனத்தையும் தேவையின் அவசரத்தையும் காட்டுகிறது. சென்னைக்கு அவர் எவ்வளவு பெறுவார் என்பதை அது காட்டாது.

விடுவித்ததற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது உடல். 2024 பருவத்தின் பாதியிலேயே தொடைத்தசைக் காயத்துடன் அவர் இலங்கை திரும்பினார். தோள் உயரத்தில் கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசும் அந்த முறை, மட்டையாளரின் கண்ணுக்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் வீசுபவரின் உடலுக்கும். இதைச் சொல்லி விடுவித்திருந்தால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சென்னையின் முன்னாள் கடைசி ஓவர் பந்துவீச்சாளர் பிராவோவை எடுத்துக்காட்டி ‘பழைய ஆளை விடக்கூடாது’ என்பவர்களும் ஒன்றை எண்ண வேண்டும். 34 வயதுப் பிராவோவை 2018இல் சென்னை 6.4 கோடிக்கு மீட்டெடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை மும்பையிடமிருந்து பறித்தது அவர் 30 பந்தில் அடித்த 68 ரன். பதிரனாவுக்கு மட்டை என்ற இரண்டாம் தொழில் கிடையாது.

ஆயினும் விசுவாச வாதத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2013இல் தமிழ்நாட்டு அரசின் எதிர்ப்பால் சென்னையில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட முடியவில்லை. பத்தாண்டு கழித்து அதே சென்னையின் சேப்பாக்கம் மைதானம் கண்டியிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்காக எழுந்து நின்றது. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் பலர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் இதன் பொருள் சென்னையில் உள்ளதைவிடச் சிக்கலானது. போரில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரு சிங்கள இளைஞனுக்குக் கைதட்டலாமா என்ற தயக்கத்தையும் இங்கே பார்த்திருக்கிறேன், தயக்கம் தீர்ந்து தட்டிய கைகளையும் பார்த்திருக்கிறேன். சேப்பாக்கம் போய் உட்காராத நமக்கு அணி என்பது மஞ்சள் சட்டையும் சில பெயர்களும்தான். பதிரனா போன அதே மாதம் ஜடேஜாவும் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக ராஜஸ்தானுக்குப் போனார். 2008இல் பூச்சோங் கின்ராரா மைதானத்தில் கோலி தலைமையில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் நம் கண்முன் ஆடியவர் ஜடேஜா. பெயர்கள் போவது ரசிகருக்கு உண்மையான இழப்பு. அந்த இழப்பைச் சொல்ல நம்மிடம் வேறு சொல் இல்லாததால்தான் ‘பதினெட்டு கோடி’ என்கிறோம் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சி பந்தைக் காட்டும். 18ஆம் ஓவருக்கு யாரை மிச்சம் வைப்பது என்று அணித்தலைவர் 12ஆம் ஓவரிலேயே தடுமாறுவதைக் காட்டாது. அதை மைதானத்தில்தான் பார்க்க முடியும். கிள்ளான் பண்டமாரானில் பாயுமாஸ் ஓவல் இருக்கிறது. 2023 ஜூலை 26 அன்று அங்கே நம் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக எட்டு ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஏழுமே நேராகக் குச்சியைச் சாய்த்தவை. ஆடவர் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் மனிதர் அவரே. இரவு இரண்டு மணிவரை கண்விழித்து விலை பேசும் நண்பர்களே, ஒரு பகல் பண்டமாரானுக்கு வாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து, ஒவ்வொரு ஓவரும் எந்த நிலையில் வீசப்பட்டது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.