பூட்டப்பட்ட ஆய்வேடுகள்: விளையாட்டுப் பயிற்றுவிப்பாய்வின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

விளையாட்டிலே ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வினவுவோர் கற்றோரிடையேயும் உளர். ஓடுபவன் ஓடுகின்றான், நீந்துபவன் நீந்துகின்றான், கரையில் நிற்பவர் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். இதற்குக் கலாநிதிப் பட்டம் எதற்கு என்பது அவர்தம் ஐயம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வையத்துக்கு இரு வேறு நாடுகளில் இரு வேறு விதமாக விடையளிக்கப்பட்டது. ஒரு விடை நூலகத்தில் வைக்கப்பட்டது. மற்றையதன் ஒரு பகுதி பெட்டகத்துள் வைத்துப் பூட்டப்பட்டது.

முதலாவது விடை சுருக்கமானது. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு விமானியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கவுன்சில்மன், போரின் பின் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். கிரோல் நீச்சலின் இரு வகைகளில் நீந்துபவரின் உந்துவிசை எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை அளந்து 1951இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வின் முடிவுகள் 1955இல் ஆய்விதழொன்றில் வெளிவந்தன. 1957 முதல் இன்டியானாப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்த அவர், 1968இல் நீச்சலின் விஞ்ஞானம் பற்றிய தமது நூலை வெளியிட்டார்.

எனினும் அவரது வரலாற்றிலே சிறப்பாக நோக்கத்தக்கது அந்நூலன்று. அதன் பின்னர் நடந்ததே. கை நீரைப் பின்னோக்கித் தள்ள உடல் முன்னோக்கிச் செல்கின்றது என்னும் நியூற்றனின் மூன்றாம் விதியே நீச்சலை விளக்கப் போதுமானதெனக் கருதப்பட்டு வந்தது. நீந்துபவர் கைகளில் ஒளிரும் விளக்குகளைப் பொருத்தி, இருளாக்கப்பட்ட தடாகத்தில் நீந்தச் செய்து கவுன்சில்மன் படம்பிடித்தார். கை நேர்கோட்டிலே செல்லவில்லை. வளைந்து வளைந்து சென்றது. அதனைக் கண்டு, விமானத்தின் இறகு பெறும் தூக்குவிசையைப் போன்றதொரு விசையும் இதில் உண்டென 1971இல் புதிய விளக்கமொன்றை முன்வைத்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அவ்விளக்கத்தையும் கேள்விக்குட்படுத்தினர். அனைத்தும் ஏட்டில் இருந்தமையால், எவரும் எடுத்துப் பார்த்து மறுக்கக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது விடை லைப்சிக் நகரிலே உருவாயிற்று. 1950 ஒக்ரோபர் 22ஆந் திகதி அங்கு ஜேர்மன் உடற்பண்பாட்டு உயர்கல்லூரி தொடங்கப்பட்டது. பயிற்றுநர்களை உருவாக்குவதையே தலையாய பணியாகக் கொண்ட இக்கல்லூரி, பின்னர் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது. உடற்றொழிலியல், பொறிமுறை, உளவியல், கற்பித்தலியல் ஆகியன பயிற்றுவிப்பு என்னும் ஒரே நோக்கில் இங்கே இணைக்கப்பட்டன. பயிற்றுநர் தம் அனுபவத்தையே ஆய்வுப் பொருளாக்கலாம் என்ற எண்ணம் வேறெங்கும் இத்துணை விரிவாகச் செயற்படவில்லை எனலாம். ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் பயிற்றுநர்கள் அங்கு சென்று கற்றனர். அங்கு பணியாற்றிய டீற்றிஷ் ஹாரவின் பயிற்சிக் கோட்பாட்டு நூல் 1969இல் வெளிவந்தது. 1982இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதே 1969ஆம் ஆண்டில் லைப்சிக்கிலே தனியான ஆராய்ச்சி நிறுவனமொன்றும் நிறுவப்பட்டது. அதன் ஆய்வுகளிற் பெரும்பாலானவை வெளியார் கண்ணிற் படவில்லை.

இவ்விரு மரபுகளும் 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கின் நீச்சற் தடாகத்திலே ஒன்றையொன்று சந்தித்தன. கவுன்சில்மன் பயிற்றுவித்த அமெரிக்க ஆடவர் 13 போட்டிகளில் 12இலே தங்கம் வென்றனர். கிழக்கு ஜேர்மனியின் பெண்கள் 13இல் 11ஐ வென்றனர். ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களைக் கொண்ட அந்நாடு அவ்விழாவில் மொத்தமாக 40 தங்கப் பதக்கங்களைப் பெற்றது. உலகம் வியந்தது. விஞ்ஞான முறைப் பயிற்சியின் பயன் இது என்று பலர் எழுதினர். அவர்கள் எழுதியது முழுப் பொய்யென்று கூறுவதற்கில்லை.

உண்மையின் மறு பாதி 1990இல் வெளிப்பட்டது. ஹைடல்பேர்க்கில் புற்றுநோயாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த உயிரியல் அறிஞர் வேர்ணர் பிராங்கேயும், 1968, 1972 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் மேற்கு ஜேர்மனிக்காகப் போட்டியிட்ட அவர் மனைவி பிறிகிற்றே பேரண்டொங்கும், பாட் சாறோ என்னுமிடத்திலிருந்த இராணுவ மருத்துவக் கழகத்தில் இரகசியமென முத்திரையிடப்பட்ட ஆவணங்களைக் கண்டெடுத்துக் காப்பாற்றினர். அவற்றிலே கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேடுகளும் இருந்தன. 1966 முதலாக மெய்வல்லுநருக்கும் பிற வீரருக்கும் ஆண் ஓமோன் தன்மையுள்ள மருந்துகள் கொடுக்கப்பட்டமையும், 1974இல் அது அரச திட்டமொன்றாக ஒழுங்குபடுத்தப்பட்டமையும் அவற்றால் உறுதியாயின. ஆண்டுதோறும் பல்லாயிரவர் இதற்கு உட்படுத்தப்பட்டனர். பராயமடையாத சிறுமியரும் அவருள் அடங்குவர். அது விற்றமின் என்றே சிறுமியர் பலருக்குக் கூறப்பட்டது. ஏடுகளிலோ 'துணை வழிவகைகள்' என்ற சொல்லே காணப்பட்டது. ஊக்க மருந்து என்னும் சொல்லை எழுத அவ்வாய்வாளர்களின் பேனாவும் கூசியது போலும்!

இங்கு அறக்கேட்டுடன் அறிவுக்கேடும் சேர்ந்திருந்தமையை அவதானித்தல் வேண்டும். ஓர் ஆய்வேடு ஆய்வேடாவது, அதன் முடிவை அதை எழுதாத ஒருவர் சோதிக்க இயலும்போதே. பூட்டிய ஏட்டை வாசித்தவர் ஒரு சிலர். அவர்களும் அதே திட்டத்தின் பங்காளிகள். மேலும், திறந்த ஏடுகளும் பழுதற்றனவாக எஞ்சவில்லை. வாரத்துக்கு இத்தனை கிலோமீற்றர் நீந்தினால் இத்தனை முன்னேற்றம் என்று ஒரு பயிற்றுநர் வரைபு வரைகின்றார் எனக் கொள்வோம். நீந்திய பெண்ணுக்கு இடையிலே கொடுக்கப்பட்ட நீலநிறக் குளிகை அவ்வரைபில் இல்லை. குளிகையால் விரைவாகத் தேறிய உடல் தாங்கிய சுமையை, பயிற்சியினால் மட்டுமே தாங்கக்கூடிய சுமையெனத் தூர தேசத்துப் பயிற்றுநர் ஒருவர் நம்பித் தம் மாணவருக்கு விதித்திருப்பின், அவருக்கு அதை அறிய எவ்வழியும் இருக்கவில்லை. லைப்சிக்கின் நல்லாய்வையும் மறைவாய்வையும் கோடு கிழித்துப் பிரிக்கலாம் என்போரின் வாதம் இவ்விடத்திலேதான் தளர்கின்றது. எனினும் அங்கு எழுதப்பட்ட யாவும் குப்பையெனத் தள்ளுவோரின் வாதமும் ஏற்புடைத்தன்று. பயிற்சியாண்டைப் பருவங்களாக வகுத்தல், அசைவைப் படம்பிடித்துப் பகுத்தல், இளம் வயதில் திறனறிதல் ஆகியவற்றில் அவர்கள் கேட்ட கேள்விகள் பிற நாடுகளிலும் கேட்கப்பட்டவையே.

1990 டிசெம்பரில் சாக்சனி மாநில அரசு லைப்சிக் கல்லூரியை மூடத் தீர்மானித்தது. மாணவரின் எதிர்ப்பு அதனை மாற்றவில்லை. 1993இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கீழ் விளையாட்டு விஞ்ஞானப் பீடம் தோன்றியது. இதற்கிடையில், 1991இல், பேரண்டொங்க் தாம் பெற்ற ஆவணங்களை நூலாக்கினார். யாருக்கு எவ்வளவு மருந்து என்பது அட்டவணைகளாக அதில் அச்சாயிற்று. பிராங்கேயும் அவரும் 1997இல் விஞ்ஞான இதழொன்றில் முழு வரலாற்றையும் எழுதினர். விளையாட்டுத்துறைத் தலைவராகவிருந்த மன்பிறெட் எவால்டும், மருத்துவர் மன்பிறெட் ஹெப்னரும் 2000 யூலையில் பேர்லின் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இருவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. தாமறியாமலோ தம் விருப்பின்றியோ மருந்தூட்டப்பட்டு உடல்நலம் கெட்டவர்க்கு உதவும் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் விண்ணப்பித்தவர்கள், ஒரு காலத்தில் ஆய்வுக்கான தரவுகளாக மட்டுமே கருதப்பட்ட பெண்களும் ஆண்களுமாவர்.