எல்லை கடந்த களவும் நாடுகளின் கூட்டுக் காவலும்

மாணவர்களே, கள்வன் காலால் நடந்து வந்த காலத்தில் அவனுடைய அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்லக் காவலருக்கு வழியிருந்தது. கணிப்பொறி வழியே நிகழும் களவிலோ அச்சுவடு பல நாடுகளினூடே செல்கின்றது. தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றே இதனை விளக்கப் போதும்.

1904ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரித் திங்களில் கணக்குகளைச் சரிபார்த்தபோது, தான் பிறப்பிக்காத மூன்று பணக் கட்டளைகள் 'ஸ்விஃப்ட்' என்னும் பன்னாட்டு வங்கிச் செய்தி அமைப்பின் வழியே அயல்நாடுகளுக்குச் சென்றிருக்கக் கண்டது. மொத்த மதிப்பு ஏறத்தாழ 20 இலட்சம் டாலர். நியூயார்க் வழியே துபாய்க்கு அனுப்பப்பட்ட 5 இலட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டுத் திரும்பியது. துருக்கிக்குச் சென்ற 3 இலட்சம் யூரோவை அந்நாட்டு வங்கி நிறுத்தி வைத்தது. சீனத்துக்குச் சென்ற 10 இலட்சம் டாலரோ போலி ஆவணங்களைக் காட்டிக் கோரப்பட்டதாக வங்கி அறிவித்தது.

இதற்கு ஈராண்டு முன்னர், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலும் கள்வர் கைவைத்தனர். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுவோர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து தடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. அவ்விடுதிகள் அப்போது அந்நாட்டுக் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. 2017இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நாட்டுச் சட்டத்தின் குறை மற்றொரு நாட்டுக்கு இழப்பாயிற்று.

நம் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, இந்தியக் கணிப்பொறிகளுக்கு எதிராக அயல்நாட்டிலிருந்து செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும். எனினும் நம் காவலர் பிற நாட்டில் தாமே சென்று சோதனையிடவோ கைது செய்யவோ இயலாது. அந்நாட்டின் உதவி வேண்டும். இவ்வுதவியை முறைப்படுத்தவே 2001இல் புடாபெஸ்ட் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 2015இல் அதில் சேர்ந்தது. அதனை வரைவதில் பங்கு பெறாத இந்தியா சேரவில்லை. பின்னர், 2024 டிசம்பர் 24ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, உலக நாடுகள் கூடி ஆராய்ந்த புதிய உடன்படிக்கையொன்றை ஏற்றது. 40 நாடுகள் உறுதி செய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது விதி. குற்றம் தேடும் அதிகாரம் குடிமக்களின் உரிமையை நெரித்துவிடுமோ என அஞ்சுவோரும் உளர், அவ்வச்சமும் கருதத்தக்கதே.

நம் ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை அடையும். மேற்குளத்தின் கரை உடையுமாயின் கீழுள்ள ஊரார் வாளாவிருக்க முடியுமோ? ஊர் பார்க்காமல் மண்வெட்டியுடன் ஓடுவர். நாடுகளும் அவ்வாறே விரைந்து கூடக் கற்க வேண்டும்.