கள்ளுக்கடையும் சாலைச் சட்டமும்

சிரம்பானை அடுத்த ராசா வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவன், அரசின் அனுமதி பெற்ற கள்ளுக்கடைக்கு நடந்தே சென்றான். லயத்திற்கும் நடந்தே திரும்பினான். துன்புற்றது அவன் குடும்பமே. அக்கேட்டைத் தொழிலாளரும் எதிர்த்தனர். 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர் கள்ளுக்கடைகளை மூடக் கோரினர். 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தது. அவர்கள் தடுக்க முனைந்தது கடையை. பின்வந்த சட்டம் தடுப்பதோ குடித்தவன் ஏறும் வண்டியை.

மோட்டார் சைக்கிள் பெருகியபின் வழிப்போக்கரும் பலியாயினர். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020-இல் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மது எல்லை 50 ஆயிற்று. குடித்து ஓட்டி உயிர் பறித்தோர்க்குச் சிறை 10 முதல் 15 ஆண்டு.