போர்விமானப் பெயர் தெருப்பெயராதல்

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் உள்ள ஹாட்ஃபீல்டு நகரில் மஸ்கிட்டோ வே என்று ஒரு சாலை இருக்கிறது. அச்சாலையின் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'கொசுச் சாலை' என்றாகும். நம்மூரில் ஒரு தெருவுக்கு இப்படிப் பெயரிட முயன்றால் அத்தெருவார் நகராட்சியை முற்றுகையிடுவர். ஹாட்ஃபீல்டில் வாழ்வோர் அப்பெயரைக் கேட்கையில் கொசுவை நினைப்பதில்லை. 1940 நவம்பர் 25 அன்று அங்கிருந்து முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலாண்டு மஸ்கிட்டோ விமானத்தை நினைவுகூர்வோர் சிலர். எதையும் நினையாது வெறும் முகவரியாகக் கொள்வோரே பலர். பெயர்ச்சொல்லாய்வுக்கு இந்த மூன்றாவது நிலையே மிகுந்த பயன் தருவது.

ஹாட்ஃபீல்டு விமானத்தளம் டி ஹாவிலாண்டு நிறுவனத்தாரால் 1930களில் அமைக்கப்பட்டது. மஸ்கிட்டோ பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் கொண்டு செய்யப்பட்ட அவ்விமானத்தின் உறுப்புகளை அறைகலன் செய்யும் தச்சர்களும் ஆக்கித் தந்தனர். மொத்தம் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. தொழிற்சாலை 1990களின் முற்பகுதியில் மூடப்பட்டபின் அந்நிலம் வணிக வளாகமாகவும் பல்கலைக்கழக வளாகமாகவும் குடியிருப்பாகவும் மாறியது. புதிய சாலைகளுக்கு மஸ்கிட்டோ, ஆல்பட்ராஸ், ஜிப்சி மாத் முதலிய டி ஹாவிலாண்டு விமானங்களின் பெயர்கள் இடப்பட்டன. கடைசி இரண்டும் போர்விமானங்கள் அல்ல எனினும் ஒரே தொகுதியில் வருவன.

இத்தகைய தொகுதிப் பெயரீடு பரவியதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. இங்கிலாந்தில் தெருப்பெயரிடும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது. 1847, 1925 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இதற்கு அடிப்படை. எனினும் பெயர்களை முன்மொழிவோர் பெரும்பாலும் வீடு கட்டி விற்கும் நிறுவனத்தாரே. ஒரே சமயத்தில் இருபது முப்பது பெயர்கள் வேண்டும். அவை தம்முள் தொடர்புடையனவாக இருக்க வேண்டும். எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது. உயிரோடிருப்பவர் பெயரைப் பல மன்றங்கள் விரும்புவதில்லை. விமானத்துக்கோ உறவினரும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை.

இதற்கு மொழிசார்ந்த முன்நிபந்தனை ஒன்றும் உண்டு. விமானத்திற்கு முதலில் ஒரு சொல் பெயராக இருக்க வேண்டும். ஜெர்மானியப் போர்விமானங்கள் பெரும்பாலும் ஆக்கியோரைக் குறிக்கும் எழுத்தாலும் எண்ணாலும் சுட்டப்பட்டன, 'பி.எஃப். 109' என்பது தெருப்பலகையில் ஏறுவதற்கு ஏற்றதன்று. பிரிட்டிஷ் விமான அமைச்சகமோ ஒவ்வொரு வகைக்கும் ஒரு சொற்களத்தை ஒதுக்கியது. குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயர் பெற்றன: லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங். பயிற்சி விமானங்களுக்குக் கல்வியோடு தொடர்புடைய ஆக்ஸ்ஃபோர்டு, மாஸ்டர், டியூட்டர் போன்ற பெயர்கள் வாய்த்தன. கடற்படை விமானங்கள் ஸ்வார்டுஃபிஷ், ஸ்குவா என மீனும் கடற்பறவையும் ஆயின. சண்டை விமானங்களுக்குச் சீற்றமும் வேகமும் குறிக்கும் சொற்கள் வந்தன: ஹரிக்கேன், டைஃபூன், டெம்பெஸ்ட். ஸ்பிட்ஃபயர் என்னும் சொல் சினம் மிக்க பெண்ணைக் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயர் மனத்தில் விமானமே முந்தி நிற்கிறது; பழம்பொருள் அகராதியில் ஒடுங்கிவிட்டது.

தமிழ் இலக்கணத்தார் இப்பெயர்மாற்றத்தை விளக்கக் கருவி ஒன்றை வைத்துள்ளனர். 'கார் அறுத்தான்' என்னுமிடத்துக் கார் என்பது கருமையினின்று மேகத்துக்கும், மேகத்தினின்று பருவத்துக்கும், பருவத்தினின்று பயிருக்கும் ஆகி வந்ததால் மும்மடியாகுபெயர் என்பர். லங்காஸ்டர் என்னும் பெயரை இவ்வாறு அடுக்கிப் பார்க்கலாம். லூன் ஆற்றங்கரையில் இருந்த ரோமானியக் கோட்டையால் அப்பெயர் எழுந்தது; அதன் பின்பகுதி படைமுகாமைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முகாமின் பெயர் ஊருக்கு ஆயிற்று. ஊர்ப்பெயர் 1941இல் முதற்பறப்பு நிகழ்த்திய ஆவ்ரோ குண்டுவீச்சு விமானத்துக்கு ஆயிற்று. விமானத்தின் பெயர் தெருவுக்கு ஆயிற்று. படைமுகாமில் பிறந்த சொல் பல நூற்றாண்டுகள் ஊராய் அடங்கிக் கிடந்து மீண்டும் படைக்கலமாகி, இப்போது குடியிருப்புக்குள் புகுந்துள்ளது. நமக்கு இது புதிதன்று. பாளையம் என்பதும் படை தங்கிய இடமே. மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்துச் சீட்டு வாங்குவோர் எவரும் படையை நினைப்பதில்லை.

ஆனால் இவ்வடுக்கில் ஒரு கண்ணி வேறுபட்டது. ஆகுபெயருக்கு இயைபு வேண்டும் என்று நன்னூலார் வரையறுக்கிறார். முகாமுக்கும் ஊருக்கும் இடத்தால் இயைபு உண்டு. லங்காஸ்டர் ஊருக்கும் விமானத்துக்கும் அத்தகைய இயைபு இல்லை. அமைச்சகத்தின் பெயர்ப்பட்டியலே அவற்றை இணைத்தது. அடுத்த கண்ணியாகிய விமானம்-தெரு இணைப்பில் இயைபு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விமானம் கட்டப்பட்ட அல்லது பறந்த நிலத்தில் தெரு அமைந்தால் இயைபு உண்டு. கட்டுமான நிறுவனத்தார் கையிலிருந்த பட்டியலிலிருந்து எடுத்து இட்டால் இல்லை. பலகையைப் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

பக்கத்துத் தெருக்களின் பெயரைக் கொண்டு பொருள் துணியலாம் என்பர். லங்காஸ்டருக்கு அருகே ஹாலிஃபாக்ஸும் ஸ்டர்லிங்கும் இருந்தால் விமானம் எனலாம். லங்காஸ்டர், யார்க், டியூடர் என மூன்று தெருக்கள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். அவை இங்கிலாந்தின் அரச மரபுகள் என்று வரலாறு கற்றோர் உடனே கூறுவர். ஆனால் அம்மூன்றும் ஆவ்ரோ நிறுவனத்து விமானங்களின் பெயர்களுமாகும். நிலத்தின் வரலாற்றை அறியாது பெயரை மட்டும் ஆராய்வது இங்கே பயனற்றது. வெலிங்டனும் அவ்வாறே. அவ்விமானம் வெலிங்டன் கோமகனாகிய ஆர்தர் வெல்லெஸ்லியின் பெயரைத் தாங்கியது. 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்ற அதே படைத்தலைவர் பெயரால்தான் குன்னூரை அடுத்த நீலகிரிப் பாசறையூரும் வழங்குகிறது.

இயைபு வலுவாக அமைந்த இடத்துக்குப் பர்மிங்காம் நகரின் காசில் வேல் குடியிருப்பு நல்ல சான்று. அதை அடுத்திருந்த காசில் பிராம்விச் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களும் ஏறத்தாழ 300 லங்காஸ்டர்களும் கட்டப்பட்டன. தொழிலாளருள் பெண்கள் பெருந்தொகையினர். 1960களில் விமானத்தள நிலத்தில் 34 அடுக்குமாடிக் கட்டடங்களோடு குடியிருப்பு எழுந்தது. அங்குத் தெருக்களுக்கு டாங்மியர், ஃபார்ன்பரோ, மான்பி போன்ற விமானத்தளங்களின் பெயர்கள் இடப்பட்டன. விமானத்தின் பெயரோ அருகிலுள்ள சாலைச் சந்திப்பில் நிலைத்தது. அதனை ஸ்பிட்ஃபயர் ஐலண்டு என்கின்றனர். ஐலண்டு என்பது இங்கே தீவு அன்று. வாகனங்கள் சுற்றிச் செல்லும் வட்டத்துக்கு அவ்வட்டார வழக்கு. 2000ஆம் ஆண்டில் அங்கு மூன்று ஸ்பிட்ஃபயர்கள் மேலெழுவதாக எஃகுச் சிற்பம் நிறுவப்பட்டது. அடுக்குமாடிகளுள் இரண்டு தவிர ஏனையவை பின்னர் இடிக்கப்பட்டன. கட்டடம் அழியப் பெயர் எஞ்சிற்று. ஆற்றுமுகம் தூர்ந்துபோனாலும் டார்ட்மவுத் என்னும் ஊர்ப்பெயர் மாறாது என்று 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் காட்டிய எடுத்துக்காட்டு இங்கு நினையத்தக்கது.

எனினும் எஞ்சுவது எதன் பெயர் என்று கேட்க வேண்டும். 1940 அக்டோபர் 3 அன்று ஹாட்ஃபீல்டு தொழிற்சாலையின்மீது ஜெர்மன் விமானம் வீசிய குண்டுகளால் 21 பேர் மாண்டனர். மஸ்கிட்டோ வே என்னும் பெயர் இதைக் கூறாது. லங்காஸ்டர் முதலியவற்றில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையினருள் 55,573 பேர் போரில் இறந்தனர். அவ்விமானங்கள் 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரை எரித்தபோது மாண்டோர் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர். அந்நகரத்தார் செவியில் லங்காஸ்டர் என்பது ஒருநாளும் இனிய குடியிருப்பின் பெயராக ஒலித்திருக்காது. சர்ச்சையற்ற பெயர் என்று மன்றத்தார் கருதுவது, கேட்போர் அனைவரும் ஒரே கரையில் நிற்கின்றனர் என்னும் எண்ணத்தின் விளைவே. பொறியின் பெயர் மனிதரை மறைப்பதற்கு வசதியானது. செய்தவர், ஓட்டியவர், அதனால் மடிந்தவர் மூவரும் அதனுள் ஒருசேர மறைகின்றனர். எனவே, டாங்மியர் போன்ற தளப்பெயர்களே வரலாற்றுக்கு நேர்மையானவை என்பது என் கருத்து. தளம் என்றால் அங்கு ஆட்கள் இருந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

சொல்லே வேறு வழியில் சிக்கலாவதும் உண்டு. ஜெஃப்ரி டி ஹாவிலாண்டு அந்துப்பூச்சிகளில் ஈடுபாடு மிக்கவராதலால் தம் சிறு விமானங்களுக்கு மாத் என்று பெயரிட்டார். அவ்வினத்து டைகர் மாத்தில்தான் ஜோத்பூரிலும் பேகம்பேட்டையிலும் இந்திய விமானிகள் தொடக்கப் பயிற்சி பெற்றனர். ஜிப்சி என்பது ஓர் இனத்தாரை இழிக்கும் வழக்காகக் கருதப்படுவதால், அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2022இல் ஜிப்சி மாத் என்னும் பூச்சிக்கு ஸ்பாஞ்சி மாத் என வேறு பெயர் ஏற்றது. ஹாட்ஃபீல்டு சாலைப் பெயர் பூச்சியை அன்றி விமானத்தையே குறிக்கிறது. அதனால் அம்மாற்றம் அதைத் தீண்டவில்லை.

இந்திய விமானப்படை வேறு வழியைக் கையாண்டது: வந்த பெயரைப் பெயர்த்தது. புயல் என்று பொருள்படும் பிரெஞ்சு ஊரகான் இங்கே தூஃபானி ஆயிற்று. மிராஜ் 2000 வஜ்ரா ஆயிற்று. பெங்களூரில் உருவாகி 1961இல் பறந்த விமானத்துக்கு மருத் என்னும் வேதக் காற்றுத் தெய்வப்பெயர் வாய்த்தது. பெயர்கள் வடமொழியிலும் இந்தியிலும் இருந்தே பெரும்பாலும் எடுக்கப்பட்டன என்பது தனியே ஆராயத்தக்கது. ஆயினும் மருத் பிறந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்பு தனியொரு விமானத்தின் பெயரைப் பெறாமல் விமானபுரா என்றே வழங்குகிறது. வகைப்பெயரை விடுத்துப் பொதுப்பெயரைக் கொண்டமையால் அங்கு இயைபு கெடவில்லை. கோயில் கருவறைமேல் எழும் விமானத்தை மட்டுமே அறிந்த ஒருவர் அவ்வூர்ப்பெயரைக் கேட்டால் எதைத் தேடிச் செல்வார் என்பது வேறு கேள்வி.